பழைய ரஷ்யச் செப்புக் காசு: விற்க முன் அறிய வேண்டியவை



போன வருஷம் ஒரு நாள் பின்னேரம். கொழுந்து நிறுவை முடிந்து எல்லாரும் லயத்துக்குப் போய்க்கொண்டிருந்த நேரம். வேலையிலிருந்து நின்று பல வருஷமான ஒரு பெரியம்மா ஒபிஸ் வாசலில் வந்து நின்றாங்க. சேலை முந்தானையில் முடிந்து வைத்திருந்ததை அவிழ்த்து மேசையில் வைத்தாங்க. உள்ளங்கையில் பாதியை மறைக்கிற அளவு பெரிய செப்புக் காசு. ஒரு பக்கம் கறுப்பேறிக் கிடந்தது. மறு பக்கம் குத்துவிளக்கு மாதிரிப் பளபளத்தது.

"ஐயா, போத்தல் இரும்பு வாங்க வர்றவரு இதுக்கு ஐந்நூறு ரூபா தாறேங்கிறாரு. பக்கத்து லயத்துப் பொடியன் இருவது லட்சம் பெறும்னு சொல்றான். யாரு சொல்றத நம்புறது?"

"இந்தப் பக்கம் மட்டும் ஏன் இப்படி மின்னுது?" என்று கேட்டேன்.

"அழுக்கா இருந்துச்சுன்னு புளி போட்டுத் தேச்சேன் ஐயா. கை வலிச்சிருச்சு, மத்தப் பக்கத்த நாளைக்குத் தேய்க்கலாம்னு விட்டுட்டேன்."

அந்தக் கை வலித்தது நல்லதாய்ப் போயிற்று. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

பெரியம்மாவுடைய வீட்டுக்காரர் முன்பு பங்களாவில் அப்புவாக வேலை செய்தவர். அங்கே வந்து தங்கிய வெளிநாட்டு விருந்தாளி ஒருத்தர் போகும்போது கொடுத்த காசாம். ரஷ்யாக்காரர்கள் நம்ம தேயிலையை நெடுங்காலமாக வாங்குகிறவர்கள். நம்ம நாட்டுப் பிள்ளைகள் பல பேர் மொஸ்கோவில் படித்து வந்திருக்கிறார்கள். இப்போது அங்கிருந்து உல்லாசப் பயணிகளும் நிறைய வருகிறார்கள். அதனால் இந்த மாதிரிக் காசு ஒன்றிரண்டு நம்ம பக்கமும் வந்து சேர்கிறது.

எனக்குக் காசுகளைப் பற்றி அவ்வளவு தெரியாது. டவுனில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் பல வருஷமாகப் பழைய காசு சேர்க்கிறார். அவரிடம் பெரியம்மாவைக் கூட்டிக்கொண்டு போனேன். அவர் பக்கத்தில் இருத்தி, பொறுமையாக ஒவ்வொன்றாய்க் காட்டித் தந்தார். அதைத்தான் இங்கே உங்களுக்காக எழுதுகிறேன்.

1. முதல் வேலை: ஒன்றும் செய்யாமல் இருப்பது

புளி, எலுமிச்சங்காய், சாம்பல், பிராசோ, மணல், பல் துலக்குற பிரஷ், எதுவும் வேண்டாம். செம்பு வருஷக் கணக்கில் காற்றுப் பட்டு மேலே ஒரு மண்ணிறத் தோல் கட்டிக்கொள்ளும். சேகரிப்பவர்கள் விரும்புவது அந்தத் தோலைத்தான். அது இருநூறு வருஷத்தில் தானாக உண்டானது. ஒரு தரம் தேய்த்து எடுத்தால் நம்ம ஆயுளில் திரும்ப வராது. தேய்த்த காசு அசலாகவே இருந்தாலும் விலை பாதியாகவோ அதற்குக் கீழாகவோ போய்விடும்.

காசை எடுக்கும்போது ஓரத்தில் பிடியுங்கள். விரல் வியர்வை படாமல் இருக்கட்டும். உலர்ந்த கடதாசி உறையில் தனியாக வையுங்கள். மற்றச் சில்லறையோடு டப்பாவில் போட்டுக் குலுக்க வேண்டாம். பச்சைக் களிம்பு மாவு மாதிரி உதிர்ந்தால் மட்டும் தெரிந்தவரிடம் காட்டுங்கள். அது காசை அரிக்கும் வியாதி.

2. எழுத்தையும் படத்தையும் பாருங்கள்

பெரியம்மா கொண்டுவந்த மாதிரிப் பெரிய காசு பெரும்பாலும் 5 கோபெக் காசு. நம்ம ரூபாவுக்குச் சதம் மாதிரி, ரஷ்ய ரூபிளுக்கு 100 கோபெக். 1762 முதல் 1796 வரை ரஷ்யாவை ஆண்ட இரண்டாம் கேத்தரின் மகாராணியின் காலத்தில் இந்தக் காசு பல கோடிக் கணக்கில் அடிக்கப்பட்டது. குறுக்களவு ஏறக்குறைய 4 சென்ரிமீற்றர், சிலது அதற்குக் கொஞ்சம் மேல்.

ஒரு பக்கத்தில் இரண்டு தலைக் கழுகு இருக்கும். அதன் நெஞ்சில் ஒரு கேடயம், அதற்குள் குதிரைவீரன். கீழே நாடா மாதிரி வளைந்த இடத்தில் ரஷ்ய மொழியில் "ஐந்து கோபெக்" என்று எழுதியிருக்கும். அந்தச் சொல்லின் முதல் எழுத்து கதவு நிலை மாதிரி. இரண்டாவது எழுத்து ஆங்கில 'ஆர்' எழுத்தைக் கண்ணாடியில் பார்த்த மாதிரித் திரும்பி இருக்கும். கடைசி எழுத்து ஆங்கிலச் சின்ன 'பீ' மாதிரி, தலையில் இடப்பக்கம் ஒரு சின்ன வால் வைத்தது. 1918ஆம் ஆண்டு எழுத்துச் சீர்திருத்தத்தில் சொல்லின் கடைசியில் அந்த எழுத்தைப் போடுவதை நிறுத்தினார்கள். ஆகவே பழைய 5 கோபெக் காசில் அது இருக்க வேண்டும்.

மறு பக்கத்தில் இலை வளையத்துக்குள் கிரீடம் வைத்த பெரிய 'ஈ' எழுத்து. அதற்குள் இரண்டு கோடு, அதாவது ரோம இலக்கம் இரண்டு. ரஷ்ய மொழியில் மகாராணியின் பெயர் எக்கத்தரினா என்று தொடங்குவதால் அந்த எழுத்து. ஆண்டு இரண்டு பக்கமும் பிரிந்து, இடப்பக்கம் இரண்டு இலக்கம், வலப்பக்கம் இரண்டு இலக்கமாக இருக்கும்.

இங்கே ஒரு சுலபமான சோதனை இருக்கிறது. அரசர் எழுத்தும் ஆண்டும் பொருந்துகிறதா என்று பாருங்கள். 'ஈ'யும் இரண்டு கோடும் உள்ள காசில் 1805 என்று இருந்தால் அது பொய்க் காசு. மகாராணி 1796இல் காலமாகிவிட்டார். கதவு நிலை மாதிரி எழுத்தும் ஒரு கோடும் இருந்தால் பவுல் மன்னர், 1796 முதல் 1801 வரை. ஆங்கில 'எச்' மாதிரி எழுத்தும் ஒரு கோடும் இருந்தால் முதலாம் நிக்கலஸ், 1825 முதல் 1855 வரை.

அரிவாளும் சுத்தியலும் இருந்தால் அது சோவியத் காலத்துக் காசு. 1924இல் செம்பில் அடித்தார்கள். 1926 முதல் மஞ்சள் நிற உலோகத்துக்கு மாறினார்கள். மொஸ்கோவில் படிக்கப் போனவர்கள் கொண்டுவந்த சில்லறை அனேகமாக இந்த மஞ்சள் காசுதான். பெரும்பாலானவற்றுக்குப் பெரிய விலை இல்லை. பிள்ளைகளிடம் ஞாபகமாகக் கொடுத்து வையுங்கள்.

கழுகுப் பக்கத்தில் இரண்டு அல்லது மூன்று தனி எழுத்துக்கள் இருக்கும். அது காசு அடித்த சாலையின் குறி. 'ஈ எம்' என்றால் யூரல் மலைப் பக்கத்தில் உள்ள எக்கத்தரின்பேர்க் நகரம். ஆகக் கூடுதலாகக் கிடைப்பது இதுதான். 'கே எம்' சைபீரியாவில் சுசூன் சாலை. 'ஏ எம்' அன்னின்ஸ்க் சாலை, 1789 முதல். 'டீ எம்' கிரைமியாவில் உள்ள பியோதோசியா, 1787, 1788 இரண்டு வருஷம் மட்டும். அதனால் 'டீ எம்' காசு அரிது. அரிது என்பதாலேயே அதில் களவும் கூட.

3. நிறையைப் பாருங்கள்

கொழுந்து நிறுக்கும்போது ஒரு கிலோ வெட்டினாலும் நமக்குத் தெரிகிறதல்லவா? அதே கண்ணை இதிலும் வையுங்கள்.

ரஷ்யாவில் அப்போது 'பூட்' என்று ஒரு நிறை இருந்தது. நம்ம கணக்கில் 16.38 கிலோ. ஒரு பூட் செம்பில் இத்தனை ரூபிளுக்குக் காசு அடிக்க வேண்டும் என்று அரசாங்கம் சட்டம் போட்டது. கேத்தரின் காலத்தில் 16 ரூபிள், அதாவது 1,600 கோபெக். 16.38 கிலோவை 1,600ஆல் பிரித்தால் ஒரு கோபெக்குக்கு 10.24 கிராம். 5 கோபெக்குக்கு 51 கிராமுக்குக் கொஞ்சம் மேல். அதனால்தான் அந்தக் காசு கையில் அவ்வளவு கனமாக இருக்கிறது.

பிறகு வந்த அரசர்கள் இந்தக் கணக்கைப் பல தடவை மாற்றினார்கள். அவற்றின் சட்ட நிறை இப்படி:

1757 முதல் 1801 வரை பெரும்பாலும்: 5 கோபெக் 51.2 கிராம், 2 கோபெக் 20.5 கிராம், 1 கோபெக் 10.2 கிராம். (பவுல் மன்னர் காலத்தில் 5 கோபெக் செம்பில் இல்லை.)
1810 முதல் 1830 வரை: 2 கோபெக் 13.7 கிராம், 1 கோபெக் 6.8 கிராம்.
1830 முதல் 1839 வரை: 10 கோபெக் 45.5 கிராம், 5 கோபெக் 22.8 கிராம்.
1839 முதல் 1848 வரை: 3 கோபெக் 30.7 கிராம், 2 கோபெக் 20.5 கிராம்.
1849 முதல் 1867 வரை: 5 கோபெக் 25.6 கிராம், 3 கோபெக் 15.4 கிராம்.
1867க்குப் பிறகு: 5 கோபெக் 16.4 கிராம், 3 கோபெக் 9.8 கிராம், 2 கோபெக் 6.6 கிராம், 1 கோபெக் 3.3 கிராம்.

அந்தக் காலத்துத் தகடு ஒன்று போல் ஒன்று இல்லை. ஆகவே 51 கிராம் காசு 48 ஆகவோ 54 ஆகவோ இருந்தால் பயப்பட வேண்டாம். ஆனால் கேத்தரின் காலத்து 5 கோபெக் என்று சொல்கிற காசு 30 கிராம் காட்டினால் அதை நம்ப வேண்டாம்.

நிறை பார்க்க நகைக் கடைத் தராசு நல்லது. நம்ம கண் முன்னால் வைக்கச் சொல்லுங்கள். உள்ளே கொண்டுபோய் நிறுத்து வருகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

4. விளிம்பையும் மேற்பரப்பையும் பாருங்கள்

அசல் காசு இரும்பு அச்சில் வைத்து அடித்தது. பொய்க் காசு பெரும்பாலும் உருக்கி வார்த்தது. இரண்டும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும், ஆனால் வித்தியாசம் உண்டு.

வார்த்த காசின் விளிம்பைச் சுற்றி மெல்லிய கோடு ஒன்று ஓடும். இரண்டு அச்சு சேர்ந்த இடம் அது. சில வேளை அந்தக் கோட்டை அரத்தால் ராவி மறைத்திருப்பார்கள். ராவின கீறல் தெரியும். கேத்தரின் காலத்து 5 கோபெக் விளிம்பில் வலை மாதிரிக் குறுக்குக் கோடுகள் இருக்கும். விளிம்பு மொட்டையாக இருந்தால் சந்தேகப்படுங்கள். ஆனால் கையில் அதிகம் புழங்கியும் வலை தேய்ந்திருக்கலாம், அதை மட்டும் வைத்து முடிவு சொல்லாதீர்கள்.

பூதக்கண்ணாடியால் மேற்பரப்பைப் பாருங்கள். அடித்த காசின் வெறும் இடம் மட்டமாக இருக்கும், எழுத்தின் ஓரம் கூர்மையாக எழும்பி நிற்கும். வார்த்த காசில் ரவை கொட்டின மாதிரிச் சின்னச் சின்னக் குழி தெரியும், எழுத்து சவர்க்காரம் கரைந்த மாதிரி மழுங்கி இருக்கும். தேய்மானம் வேறு, மழுக்கம் வேறு. தேய்ந்த காசில் உயர்ந்த இடம் மட்டும் தேயும், பள்ளம் கூர்மையாகவே இருக்கும். மழுங்கின காசில் பள்ளமும் மேடும் ஒன்றாக மழுங்கும்.

ஒரு விஷயத்தில் மட்டும் ஏமாற வேண்டாம். ஒரு படத்துக்குக் கீழே இன்னொரு படத்தின் தடம் தெரிந்தால் உடனே பொய்க் காசு என்று எறிந்துவிடாதீர்கள். 1762இல் மூன்றாம் பீட்டர் மன்னர் 5 கோபெக் காசுகளை முரசும் கொடியும் போட்டு 10 கோபெக்காக அடிக்கச் செய்தார். சில மாதத்தில் ஆட்சி போயிற்று. கேத்தரின் வந்து அதே காசுகளை மறுபடியும் 5 கோபெக்காக அடித்தார். அதனால் கழுகுக்குக் கீழே முரசின் தடம் தெரிகிற அசல் காசும் இருக்கிறது.

5. காந்தமும் தண்ணீரும்

செம்பு காந்தத்தில் ஒட்டாது. பழைய ஸ்பீக்கர் காந்தம் ஒன்றைக் கிட்டக் கொண்டுபோங்கள். ஒட்டினால் உள்ளே இரும்பு, மேலே செப்புப் பூச்சு. வேலை முடிந்தது. ஆனால் ஒட்டவில்லை என்பதற்காக அசல் என்று சொல்ல முடியாது. பித்தளையும் ஒட்டாது, நாகமும் ஒட்டாது.

இன்னும் ஒரு சோதனை. இதை விஞ்ஞானம் படிக்கிற பிள்ளைகளைச் செய்யச் சொல்லுங்கள். முதலில் காசின் நிறையை எழுதிக்கொள்ளுங்கள். பிறகு டிஜிட்டல் தராசில் ஒரு தம்ளர் தண்ணீர் வைத்து, இலக்கத்தைப் பூச்சியத்துக்குக் கொண்டுவாருங்கள். காசை நூலில் கட்டி, தம்ளர் அடியிலும் பக்கத்திலும் படாமல் தண்ணீருக்குள் தொங்க விடுங்கள். இப்போது தராசு ஒரு சின்ன இலக்கம் காட்டும். முதல் நிறையை இந்த இலக்கத்தால் பிரியுங்கள். 51 கிராம் செப்புக் காசுக்குத் தராசு 5.7 அளவில் காட்டும், பிரித்தால் 8.9 வரும். இரும்பானால் 7.8, நாகமானால் 7.1, ஈயமானால் 11க்கு மேல். பித்தளை 8.5 பக்கத்தில் வரும், அது கிட்டத்தட்ட இருப்பதால் கவனம். முடிந்ததும் காசை மெல்லிய துணியில் ஒற்றி எடுங்கள், தேய்க்கக் கூடாது. களிம்பு உதிர்கிற காசுக்கு இந்தச் சோதனை வேண்டாம்.

6. "அரிய காசு" என்று யாராவது சொன்னால்

பக்கத்துத் தோட்டத்துத் தம்பி ஒருவர் மனைவியின் சங்கிலியை அடகு வைத்து 'டீ எம்' காசு ஒன்று வாங்கினார். கொழும்பில் நாலு மடங்குக்கு விற்கலாம் என்று விற்றவன் சொன்னானாம். ஆசிரியர் கண்ணாடி வைத்துப் பார்த்தார். உண்மையில் அது 'ஈ எம்' காசு. 'ஈ'யின் கோடுகளைச் சுரண்டி, செப்புத் துண்டு ஒட்டி 'டீ' ஆக்கியிருந்தார்கள். காசு அசல், எழுத்து பொய். சங்கிலி மீளவில்லை. வட்டி மட்டும் ஏறுகிறது.

ஆகவே எழுத்தைச் சுற்றியும், ஆண்டின் கடைசி இலக்கத்தைச் சுற்றியும் நிறம் மாறியிருக்கிறதா, கீறல் இருக்கிறதா என்று பாருங்கள். 1725 முதல் 1727 வரை எக்கத்தரின்பேர்க்கில் சதுரமான செப்புத் தகட்டுக் காசு அடித்தார்கள். ஒரு ரூபிள் தகடு 1.6 கிலோ. கேத்தரின் காலத்தில் சைபீரியாவுக்கென்று இரண்டு கீரிப்பிள்ளை மாதிரி மிருகம் போட்ட காசு 1781 வரை அடித்தார்கள். அதில் 10 கோபெக் 65.5 கிராம். இந்த இரண்டு வகையிலும் பொய்க் காசு நிறைய உண்டு. நம்ம கைக்கு அது சும்மா வந்து சேராது. கடன் வாங்கி, அடகு வைத்து எந்தப் பழைய காசையும் வாங்காதீர்கள்.

7. விற்கும்போது

சாதாரணமாகத் தேய்ந்த 'ஈ எம்' 5 கோபெக் காசுக்குச் சேகரிப்பவர்கள் கொடுப்பது சில பத்து அமெரிக்க டொலர்தான். நல்ல நிலையில், துலக்காமல் இருந்தால் கூடும். லட்சக் கணக்கு என்பது மிக அரிய காசுக்கு. அமெரிக்காவில் என்.ஜி.சி., பி.சி.ஜி.எஸ். போன்ற நிறுவனங்கள் காசைச் சோதித்துப் பெட்டியில் அடைத்துச் சான்று தருகின்றன. அதற்குக் கட்டணம் உண்டு. சாதாரணக் காசுக்கு அந்தச் செலவு கட்டாது.

இரண்டு பக்கத்தையும் விளிம்பையும் படம் எடுத்து வையுங்கள். நிறையை எழுதி வையுங்கள். குறைந்தது இரண்டு பேரிடம் விலை கேளுங்கள். "வைத்துவிட்டுப் போங்க, பார்த்துச் சொல்றேன்" என்றால் கொடுக்க வேண்டாம். "முதலில் சான்றிதழுக்குக் காசு கட்டுங்க, பிறகு லட்சம் வரும்" என்று போனில் யாராவது சொன்னால் அது களவு.

சட்டமும் இருக்கிறது. 1940ஆம் ஆண்டு 9ஆம் இலக்கத் தொல்பொருள் கட்டளைச் சட்டப்படி 1815 மார்ச் 2ஆம் திகதிக்கு முற்பட்ட காசும் தொல்பொருளில் சேரும். மண்ணைக் கிண்டும்போது அப்படிக் காசு கிடைத்தால் அறிவிக்க வேண்டும், மறைத்து விற்கக் கூடாது. அனுமதிப் பத்திரம் இல்லாமல் வெளிநாட்டுக்குத் தபாலில் அனுப்பவும் கூடாது. கேத்தரின் காசு 1815க்கு முந்தியது என்பதை மறந்துவிடாதீர்கள். சந்தேகம் இருந்தால் தொல்பொருள் திணைக்களத்தில் கேட்டுவிட்டு விலை பேசுங்கள்.

பெரியம்மாவின் காசு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். நிறை 50.4 கிராம். 'ஈ எம்'. ஆண்டு 1781. விளிம்பில் வலை தெளிவாக இருந்தது. காந்தத்தில் ஒட்டவில்லை. அசல் காசு. திணைக்களத்தில் கேட்டுக்கொண்டு, கொழும்பில் காசு சேர்க்கிற ஒருவருக்கு விற்றோம். அவர் கழுகுப் பக்கத்தைப் பார்த்துச் சந்தோஷப்பட்டார். காசைத் திருப்பிப் பார்த்ததும் முகம் சுருங்கிவிட்டது. "இந்தப் பக்கத்தையும் சும்மா விட்டிருந்தா இன்னும் இவ்வளவு தந்திருப்பேன் அம்மா" என்று, கொடுத்த தொகையையே இன்னொரு தரம் எண்ணிக் காட்டினார்.

இருபது லட்சம் கிடைக்கவில்லை. ஆனால் இரும்புக்காரர் சொன்ன ஐந்நூறைப் போலப் பல மடங்கு கிடைத்தது. பேரனுக்கு மூக்குக் கண்ணாடியும் ஒரு சோடி சப்பாத்தும் வாங்கினாங்க. பஸ்ஸில் திரும்பி வரும்போது பெரியம்மா ஒன்றே ஒன்றுதான் சொன்னாங்க: "அன்னிக்குக் கை வலிக்காம இருந்திருந்தா மத்தப் பக்கத்தையும் தேச்சிருப்பேன் ஐயா."

உங்கள் வீட்டிலும் தகரப் பெட்டியில், சாமித் தட்டில், பழைய காசு எதுவும் கிடந்தால் துலக்காமல் அப்படியே கொண்டுவந்து காட்டுங்கள். பார்ப்பதற்குக் காசு கேட்க மாட்டோம்.